நார் நானா கிழிக்காத தாள்

பினாங்குத் தீவில் நார் நானாவின் கைக்கு அகப்பட்டுக் கிழியாமல் தப்பிய காகிதங்கள் மூன்றே மூன்று. ஐந்து வெள்ளி நோட்டு தப்பியது, ஏனென்றால் அது காகிதமே இல்லை, பிளாஸ்டிக். அவருடைய நிக்காஹ் சான்றிதழ் தப்பியது, ஏனென்றால் அது பீரோவுக்குள் இருந்தது, பீரோச் சாவி அவர் மனைவியின் இடுப்பில் இருந்தது. மூன்றாவதாகத் தப்பியது ஒரு பெரிய கட்டு வெள்ளைத் தாள். அது தப்பியதற்குக் காரணம் நான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் நானா எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரியாமல் அதைக் கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பணம் மாற்றும் கடைக்கும் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நிற்கிறது நான் வேலை பார்த்த அச்சகம். கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், கடைகளுக்கு ரசீதுப் புத்தகம் என்று எது வந்தாலும் அடிப்போம். நான் கணினியில் தமிழ் எழுத்துக் கோப்பவள், பிழை திருத்துபவள். நானா தாள் வெட்டும் இயந்திரத்துக்கு அதிபதி. எங்கள் ஊரில் தமிழ் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அப்போது நாற்பது வயது, அவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒல்லி உடம்பு, தடித்த மீசை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புட்டியில் தண்ணீர். குடிப்பதற்கு இல்லை, தாளில் தொட்டு வைப்பதற்கு.

எந்தத் தாளைக் கண்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நாரு எந்தப் பக்கம் ஓடுது?" என்பதுதான். அதனால் நார் நானா. அவருடைய உண்மையான பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அந்தச் சீட்டையும் மாதாமாதம் கிழித்துப் பார்த்து, குறுக்கு நார் என்று முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் மடித்து வைப்பார்.

நார் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. இந்தப் பத்திரிகையைக் கிழிக்காதீர்கள், பழைய நாளிதழ் ஒன்றை எடுங்கள். மேலிருந்து கீழாகக் கிழியுங்கள். அளவுகோல் வைத்ததுபோல நேராகப் போகும். இப்போது இடமிருந்து வலமாகக் கிழியுங்கள். கோணல்மாணலாக எங்கேயோ போய் முடியும். முதலில் கிழித்தது நார் ஓடும் திசை, இரண்டாவது அதற்குக் குறுக்கு. இதை நானா எனக்கு முதல் வாரத்திலேயே செய்து காட்டினார். அவர் கிழித்தது நான் இன்னும் படித்து முடிக்காத அன்றைய நாளிதழ்.

தாள் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்ல ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மரத்தைக் கூழாக்கி, அந்தக் கூழில் வண்டி வண்டியாகத் தண்ணீர் விட்டு, வேகமாக ஓடும் வலைமேல் ஊற்றுவார்களாம். வலை ஓடும் பக்கமே நார்களும் திரும்பிப் படுத்துக்கொள்ளுமாம். "காலையில பாலத்துல ஜாம் ஆனா, காரெல்லாம் தீவப் பாத்துத்தானே நிக்குது? அப்படித்தான்" என்பார். பிறகு தண்ணீரை வடித்து, உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, சூட்டில் காயவைத்தால் தாள். அப்படியானால் நாரையும் நாரையும் ஒட்டவைப்பது எந்தப் பசை என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். மனிதர் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"பசைக்கு அங்க வேல இல்ல. தண்ணி போகப் போக நாரும் நாரும் நெருங்கி வந்து தானா கையப் பிடிச்சிக்கும். நனைச்சா விட்டுடும். அவ்வளவுதான் தாளு."

அன்று எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நாற்பது கல்யாணக் கார்டு காத்துக்கொண்டிருக்கும்போது இவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டாரே என்றுதான் எரிச்சலாக இருந்தது.

சொல்வதோடு நிறுத்தும் ஆளா அவர்? சுங்கை பினாங்கில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், மனைவி ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பழைய நாளிதழ்களை ஊறவைத்து மாவு அரைக்கும் மிஷினில் போட்டு அரைத்துவிட்டார். கொசுவலையில் வடிகட்டி, கைக்குட்டை அளவில் இரண்டு சாம்பல் நிறத் தாள் தயாரித்தார். மனைவி திரும்பி வந்து தோசைக்கு அரைத்தபோது மாவில் பழைய கால்பந்துச் செய்தி மிதந்தது. ஒரு வாரம் நானாவுக்குப் பகல் சாப்பாடு பக்கத்து நாசி கண்டார் கடையில்தான். அங்கேயும் பொட்டலம் கட்டும் காகிதத்தைக் கிழித்து, சோற்றை எந்தப் பக்கமாக மடிக்க வேண்டும் என்று கடைக்காரருக்கு யோசனை சொன்னதால், பொட்டலம் கிடையாது, உட்கார்ந்து சாப்பிடுவதானால் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு நாள் அவர் மோட்டார் சைக்கிளுக்குப் போக்குவரத்து அதிகாரி ஒருவர் அபராதச் சம்மன் எழுதிக் கையில் கொடுத்தார். நானா அதை வாங்கி, அதிகாரி கண்முன்னாலேயே நெடுக்காக ஒரு கிழி, குறுக்காக ஒரு கிழி. அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. நானா அதைக் கவனிக்கவே இல்லை. நல்ல தாள், எங்கே வாங்குகிறீர்கள் என்று மலாயில் அக்கறையாக விசாரித்தார். முதலாளி ஓடிப்போய் இந்த ஆளுக்குக் காகிதப் பைத்தியம், மற்றபடி மரியாதைக்காரர் என்று கெஞ்சி, புதிதாக ஒரு சம்மன் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். அதை அவரே தன் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

தொலைபேசியில் நானாவைப் பேச விடக்கூடாது என்று எங்கள் அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. பேச்சில் இந்த ஊரில் யாரும் 'ர'வையும் 'ற'வையும் பிரித்துச் சொல்வதில்லை. ஒரு கல்யாண வீட்டுக்காரர் தானே வாங்கிக் கொடுத்த அட்டையில் கார்டு அடிக்கச் சொல்லியிருந்தார். அந்த அட்டையின் நார் மடிப்புக்குக் குறுக்கே ஓடியது, மடித்தால் வெடித்துவிடும். நானா அவரைக் கூப்பிட்டு, உங்கள் கார்டுக்கு நாருதான் பிரச்சினை என்றிருக்கிறார். அந்தப் பக்கம் அது, கார்டு நாறுதாம், பிரச்சினை என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் அவர் அத்தர் பாட்டிலோடு வந்து நின்றார். கூடவே அவர் மனைவி, ஒவ்வொரு அட்டையாக எடுத்து மோந்து பார்த்துக்கொண்டு. எனக்கு ஒண்ணும் தெரியலையே என்று அந்த அம்மாள் சொல்ல, தெரியாது, தண்ணி தொட்டு வெச்சாத்தான் தெரியும் என்று நானா சொல்ல, அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் ஒரு மணி நேரம் எழுத்துக் கோக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் யாரையும் நம்பமாட்டார். தாள் கட்டின்மேல் என்ன எழுதியிருந்தாலும் நம்பமாட்டார், முதலாளி சொன்னாலும் நம்பமாட்டார். வந்து இறங்கும் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு தாளை உருவிக் கிழிப்பார். ஓரத்தில் தண்ணீர் தொட்டு அது எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்ப்பார். காதுக்குப் பக்கத்தில் வைத்து உதறுவார். அவர் நம்பிய ஒரே ஆள் நான். அது வந்த விதம் வேறு.

அவருடைய மூத்த மகள் கல்யாணத்துக்குக் கார்டு நாங்கள்தான் அடித்தோம். அவசரம் என்று எழுத்தை வெளியில் யாரிடமோ கொடுத்துக் கோத்து வாங்கியிருந்தார். அட்டையை மட்டும் நான்கு விதமாகச் சோதித்தார். மடித்தார், நனைத்தார், உதறினார், இரவு முழுக்கப் புத்தகத்துக்கு அடியில் வைத்தார். மாதிரிக் கார்டு மேசைமேல் கிடந்தபோது நான் சும்மா எடுத்துப் படித்தேன். இரண்டு பக்கமும் 'மணமகன்' என்றே இருந்தது. காட்டினேன். மனிதர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தாளப் பாத்தேன் லா, எழுத்தப் பாக்கல" என்றார், எங்கள் ஊர் 'லா'வோடு.

அன்றிலிருந்து நான் அவருக்கு டீச்சர். நான் ஒருநாளும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் இல்லை. சொன்னால் கேட்கவும் மாட்டார்.

இப்போது அந்தக் கட்டுக்கு வருகிறேன்.

எங்கள் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குத் தலைவி அருள்மேரி அக்கா. கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவார், பாடிக்கொண்டே தப்பாகப் பாடுகிறவர்களை முறைப்பார். என்னையும் சேர்த்துத்தான். இந்தக் கட்டு வந்ததற்கு முந்தைய வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, நடைக்கும் ஆகவில்லை, ஆனால் இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பத்து மாதம் அக்கா கீபோர்டு பக்கமே வரவில்லை. திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். புதுப் பாட்டுப் புத்தகம் அடிக்கப் போகிறீர்களாமே, திருவிழா அன்று முதல் பாட்டை நான் ஒற்றைக் கையால் வாசிக்கிறேன் என்றார். பழைய புத்தகம் தானாக மூடிக்கொள்ளும். துணி மாட்டும் கிளிப்பைப் போட்டு, இடது கையால் நகர்த்தி நகர்த்திச் சமாளித்துவந்தவர். இனி அந்தக் கை கிடையாது.

பக்கத்தில் நின்று நான் பிடித்துக்கொள்கிறேன் அக்கா என்றேன்.

"வேணாம்மா. பக்கத்துல ஒரு ஆளு நின்னா, எல்லாரும் என் கையத்தான் பாப்பாங்க. பாட்டக் கேக்க மாட்டாங்க. புத்தகம் தொறந்தா தொறந்தபடி இருக்கணும். எனக்கு அது போதும்."

அச்சகத்துக்கு வந்து நானாவிடம் சொன்னேன். அவருக்கு அது தன் சொந்தக் கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. நார் ஓடும் பக்கம் தாள் விறைப்பாக நிற்கும், வளைக்கப் போனால் முரண்டு பிடிக்கும். புத்தகத்தின் முதுகோடு சேர்ந்து நெடுக்காக நார் ஓடினால், பக்கம் மெத்தென்று விழுந்து கிடக்கும். "நெடுக்கு நாரு வாங்கணும் டீச்சர், நெடுக்கு" என்று மூன்று முறை சொன்னார். நான் தாள் கடைக்குப் போன் போட்டு, ஏ4 தாள், நெடுக்கு நார் என்று தெளிவாகச் சொன்னேன். எனக்குத் தெரியாதா? ஐந்து வருடமாக இந்த மனிதரோடு குப்பை கொட்டுகிறேன்.

தாள் வந்தது. நானா வழக்கம்போலக் கட்டைப் பிரித்து, ஒரு தாளின் மூலையில் கையை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள்தானே ஆர்டர் போட்டது என்று கேட்டார். ஆமாம் என்றேன். "டீச்சர் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாதிரிக்கு ஒரே ஒரு புத்தகம் அடித்து, முதுகில் பசை போட்டு, எடுத்துக்கொண்டு அருள்மேரி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கீபோர்டு தாங்கியில் வைத்துத் திறந்தார். கையை எடுத்தார். புத்தகம் மெதுவாக எழுந்து மூடிக்கொண்டது. மறுபடி திறந்து, நடுவில் நன்றாக நீவி விட்டார். மறுபடி மூடிக்கொண்டது. மூன்றாவது தடவை அவரை அறியாமல் இடது தோள் மட்டும் உயர்ந்தது. கை மடியிலேயே கிடந்தது.

"என் பாட்டக் கேக்க அதுக்கே இஷ்டமில்ல போல" என்று அக்கா சிரித்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

என்ன நடந்ததென்று நானா அரை நிமிடத்தில் கண்டுபிடித்தார். ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால்தான் எங்கள் புத்தகத்துக்கு ஒரு பக்கம். வெட்டும்போது தாளின் நீளம் பக்கத்தின் அகலமாகிவிடுகிறது. தாளில் நெடுக்காக ஓடிய நார், பக்கத்தில் குறுக்காக ஓடும். நானா நெடுக்கு என்று சொன்னது புத்தகத்துக்கு. நான் நெடுக்கு என்று வாங்கியது தாளுக்கு. கடைக்காரர்மேல் துளி தப்புமில்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தார். மாற்றுத் தாள் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். திருவிழாவுக்கு இருந்தது பத்தே நாள்.

முதலாளி யார் செய்த வேலை இது என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் நானா முந்திக்கொண்டார். தாளைக் கிழித்துப் பார்ப்பது என் வேலை பாஸ், நான் கிழித்துப் பார்க்கவில்லை என்றார். அது உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. என் தப்பைப் பங்கு போட இவர் யார் என்று பின்பக்கம் போய் அவரிடம் சண்டை போட்டேன். அவர் தாளை அடுக்கப் போய்விட்டார். அன்று முழுவதும் ஒரு காகிதத்தையும் கிழிக்கவில்லை. நாசி கண்டார் கடைக்காரரே வந்து, நானாவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் வந்தபோது அந்த மாதிரிப் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்தைப் பிய்த்து எடுத்து, புட்டியிலிருந்து தண்ணீர் தொட்டு வைத்திருந்தார். தாள் சுருண்டு ஒரு குழாயாகியிருந்தது. நார் ஓடும் வாக்கில்தான் தாள் குழாயாகச் சுருளும். அந்தக் குழாயை அவர் திருப்பினார். புத்தகத்தையும் அதோடு சேர்த்துத் திருப்பினார். நின்றிருந்த புத்தகம் படுத்துக்கொண்டது.

"தாளு தப்பில்ல டீச்சர்" என்றார். "புத்தகம்தான் தப்பா நிக்குது. படுக்க வைங்க."

அவ்வளவுதான் விஷயம். உயரமான புத்தகத்துக்குப் பதிலாக அகலமான புத்தகம். அதே தாள், அதே வெட்டு, பசை மட்டும் குட்டைப் பக்கத்தில். அப்படிக் கட்டினால் நார் முதுகோடு சேர்ந்து ஓடும். சொல்வதற்கு ஒரு நிமிடம். நூற்று இருபது பாட்டையும் அகலப் பக்கத்துக்கு மறுபடி கோத்தவள் நான். நான்கு நாள் கண் எரிய உட்கார்ந்தேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். குறுகிய பக்கத்தில் 'நித்தியஸ்துதிக்குரிய' என்ற சொல்லை இரண்டாக உடைத்துத்தான் போட முடிந்தது. பாடுகிறவர்கள் நடுவில் மூச்சு வாங்குவார்கள். அகலப் பக்கத்தில் அது முழுசாக உட்கார்ந்தது. நானாவிடம் காட்டினேன். தாளைத்தான் பார்த்தார்.

திருவிழா அன்று நானா வந்திருந்தார். தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக, உள்ளே வராமல், பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே நின்றார். அங்கிருந்து கீபோர்டு தெரியும். அருள்மேரி அக்கா ஒரு ஆளின் துணையும் இல்லாமல் நடந்து வந்து உட்கார்ந்தார். புத்தகத்தைத் திறந்து வைத்தார். கையை எடுத்தார். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தின் ஓரம் லேசாக அசைந்தது, பிறகு அடங்கிக் கிடந்தது.

அக்கா வலது கையை வைத்து வாசிக்க ஆரம்பித்தார். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது, சுருதி ஒரு நூல் விலகவில்லை. இரண்டாவது அடியில் நான் தப்பாக எடுத்துவிட்டேன், அக்கா அங்கிருந்தே என்னை முறைத்தார். பத்து மாதம் கழித்துக் கிடைத்த முறைப்பு. பாட முடியாமல் அழுதேன், பக்கத்தில் இருந்தவர்களும் அழுதார்கள். யாரும் அவர் கையைப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே நின்ற ஒரே ஒரு மனிதர் மட்டும் பாட்டையும் கேட்காமல், ஆளையும் பார்க்காமல், புத்தகத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து வெளியே போனேன். "மூடலதானே?" என்று மட்டும் கேட்டார். மூடவில்லை நானா என்றேன். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். வாங்கினார், உதறிப் பார்த்தார், கடைசியில் இருந்த வெற்றுப் பக்கத்தைத் திறந்தார். கை பழக்கத்தில் அதன் மூலைக்குப் போனது. இந்தத் தடவை எழுத்து, தாள், கட்டு எல்லாம் நானே பார்த்துப் பார்த்துச் செய்தது.

"கிழிச்சுப் பாருங்க நானா, அதுக்குத்தான் அந்தப் பக்கத்த சும்மா விட்டேன்" என்றேன்.

மூலையை விரலால் ஒருமுறை நீவிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

"வேணாம் லா. டீச்சர் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார்.

அதே வார்த்தை. ஒருமுறை அதைச் சொல்லிக் கெட்டும் அந்த மனிதருக்குப் புத்தி வரவில்லை. அதற்குப் பிறகு நான் அந்த அச்சகத்தில் இன்னும் நான்கு வருடம் இருந்தேன். நான் ஆர்டர் போட்ட தாள் வந்து இறங்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு முன்னாலேயே போய், கட்டைப் பிரித்து, ஒரு தாளை உருவி, நெடுக்கே ஒன்று குறுக்கே ஒன்று என்று நானே கிழித்துப் பார்த்துவிடுவேன். என்ன செய்வது, அவர்தான் என்னை நம்புகிறாரே.